ஃப்ரீடமானின் நோட்டுப்புத்தகம்

1720ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி, ஜெர்மனியில் கோத்தன் என்ற சிறு நகரில், யோஹான் செபாஸ்டியன் பாக் தன் மூத்த மகனுக்கென ஒரு நோட்டுப்புத்தகத்தைத் தொடங்கினார். மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்கு அப்போது ஒன்பது வயது. தந்தை அவ்வூர் இளவரசரின் அரண்மனையில் இசைக்குழுத் தலைவர். நோட்டின் தொடக்கம் இன்றைய எந்தப் பியானோ வகுப்பிலும் பார்க்கக்கூடியதுதான். கோடுகளின் மேல் எழுதிய ஸ்வரங்களைப் படிப்பது எப்படி, அலங்காரக் குறிகளை வாசிப்பது எப்படி என்று ஒரு பட்டியல். பிறகு, ஸ்வரங்களின் மேல் விரல் எண் போட்ட ஒரு சின்னப் பாடம். வலக்கை மேலேறும்போது நடுவிரலும் மோதிர விரலும் மாறி மாறி நடக்க வேண்டும் என்று அதில் குறித்திருக்கிறார். கட்டைவிரலை அடியில் நுழைத்து ஏறும் இன்றைய வழக்கம் அப்போது முழுதாக வேரூன்றியிருக்கவில்லை.

பக்கங்களைப் புரட்டப் புரட்ட நோட்டின் தன்மை மாறுகிறது. தந்தையின் கையெழுத்தும் மகனின் கையெழுத்தும் மாறி மாறி வருகின்றன. சில சிறு நடனத் துண்டுகள் இருவரும் சேர்ந்து இயற்றியவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பல படைப்புகளின் முதல் வடிவங்கள் இந்த நோட்டில்தான் இருக்கின்றன. ‘இன்வென்ஷன்’ என்று இன்று ஒவ்வொரு பியானோ மாணவரும் வாசிக்கும் பதினைந்து இருகுரல் துண்டுகளும் அவற்றுள் அடக்கம். 1723இல் அவற்றைத் திருத்தி அழகாகப் படியெடுத்தபோது, அவை எதற்காக என்று பாக் முகப்பிலேயே எழுதி வைத்தார். இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்கக் கற்கவும், நல்ல கருத்துகளைக் கண்டடைந்து அவற்றை வளர்க்கவும், பாடுவதுபோல் வாசிக்கவும், இசை இயற்றுவதில் ருசி உண்டாகவும் என்பது அதன் சாரம். விரலுக்கான பயிற்சியையும் கற்பனைக்கான பயிற்சியையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இன்று குழந்தையைப் பியானோ வகுப்பில் சேர்க்கும் நாம் இந்த இரண்டையும் பிரித்துவிட்டோம். ஒரு பக்கம் ஸ்கேல், எட்யூட், கிரேடு தேர்வுக்கான மூன்று பாட்டுகள். மறுபக்கம், மனம்போல் தட்டிப் பார்க்கும் நேரம். முன்னது படிப்பு, பின்னது பொழுதுபோக்கு என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆசிரியர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தப் பிரிவினையால் இரண்டு பக்கமும் நஷ்டமடைகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வரலாறு அதற்கு ஒரு சாட்சி. மூளையைப் பற்றி நாம் கற்றுவரும் செய்திகள் இன்னொரு சாட்சி.

முதல் இன்வென்ஷனைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வெள்ளைக் கட்டைகளில், சி என்ற கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். வலக்கை ஒரு சிறு மூச்சு இடைவெளி விட்டு ‘ஸ ரி க ம ரி க ஸ’ என்று ஓடிப் பஞ்சமத்தில் ஏறி நிற்கிறது. உடனே இடக்கை ஒரு ஸ்தாயி கீழே அதே சொற்கட்டைத் திருப்பிச் சொல்கிறது. மூன்றாம் தாள வட்டத்துக்கு வந்தால் வலக்கை அதையே தலைகீழாக்கி ‘த ப ம க ப ம த’ என்கிறது. ஏறிய இடத்தில் இறங்குகிறது, இறங்கிய இடத்தில் ஏறுகிறது. அதே வேளையில் இடக்கை அந்தச் சொற்கட்டின் முதல் நான்கு அடிகளை மட்டும் இரட்டிப்பு நிதானத்தில் நடத்துகிறது. 22 தாள வட்டங்களே கொண்ட இந்தத் துண்டு முழுக்க இந்த ஒரு விதையிலிருந்து முளைத்தது. வாசிக்கும் பையனின் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்து இயங்கப் பழகுகின்றன. அதோடு, ஏழு ஸ்வரங்களை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்பதும் அவன் கைக்குத் தெரிந்துவிடுகிறது. “இப்போது நீ ஒரு சொற்கட்டு எடு, அதைத் தலைகீழாக்கு” என்று அடுத்த நாள் சொன்னால் அவனால் முடியும்.

பாக்கின் இன்னொரு மகன் கார்ல் ஃபிலிப் எம்மானுவேல், தந்தையின் போதனை முறையைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். மாணவர்களிடம் தொடக்கத்திலிருந்தே சொந்தக் கருத்துகளைத் தந்தை எதிர்பார்த்தார் என்றும், அவை வராதவர்களை இசை இயற்றும் ஆசையை விட்டுவிடச் சொன்னார் என்றும் அதில் இருக்கிறது. முதல் பாதி பொன்போல ஏற்றுக்கொள்ள வேண்டியது. இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. தொழில்முறை இசைஞர்களை உருவாக்கிய ஒருவர் அப்படிச் சொல்லலாம். எட்டு வயதுக் குழந்தையிடம் அதைச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. கருத்து வராத குழந்தைக்குப் பெரும்பாலும் குறைவாக இருப்பது சரக்குதான், திறமையன்று. சரக்கைக் கொடுப்பது ஆசிரியரின் வேலை.

அந்தச் சரக்கை முறையாகக் கொடுத்த ஊர் நேப்பிள்ஸ். 16ஆம் நூற்றாண்டில் அங்கே அனாதைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய நான்கு விடுதிகள், அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் சிறந்த இசைப்பள்ளிகளாகிவிட்டன. பெர்கொலேசி, பைசியெல்லோ, சிமரோசா ஆகியோர் அங்கே படித்தவர்கள். தச்சுவேலை கற்பதுபோல் அங்கே பையன்கள் இசையைக் கற்றார்கள். கருவி, மரம், அளவு எல்லாம் கையில் பழகியபின் நாற்காலி தானாக வரும். அவர்களுக்குக் கொடுத்த பாடத்தின் பெயர் பார்த்திமென்டோ. தாளில் இடக்கைக்கான கீழ்க்குரல் மட்டும் இருக்கும். பல நேரம் அதன் மேல் எந்தக் குறிப்பும் இருக்காது. பையன் கீபோர்டின் முன் உட்கார்ந்து, அந்தக் கீழ்க்குரலைப் பார்த்தவுடன் மேலே வர வேண்டிய குரல்களைத் தானே கண்டுபிடித்து முழு இசையாக வாசிக்க வேண்டும். கீழ்க்குரல் ஒரு படி ஏறினால் மேலே என்ன பொருந்தும், இறங்கினால் என்ன பொருந்தும் என்பதற்கு விதிகள் இருந்தன. விதிகள் விரலில் ஊறும்வரை தினமும் பயிற்சி. ஃபெடேலே ஃபெனரோலி என்ற ஆசிரியர் அவற்றைத் தொகுத்து 1775இல் வெளியிட்ட சிறு நூல் 19ஆம் நூற்றாண்டிலும் பல பதிப்புகள் கண்டது. மறந்துபோன இந்த முறையை அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஜெர்டிங்கனும் இத்தாலியின் ஜோர்ஜியோ சங்குவினெட்டியும் இந்த நூற்றாண்டில் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். பையன்களின் பாடக் குறிப்பேடுகள் இத்தாலிய நூலகங்களில் தூங்கிக்கொண்டிருந்தன.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியம் குறைவாகவே இருக்கும். சரளி வரிசையும் அலங்காரமும் வர்ணமும் பாடிப் பாடித்தான் ஒருவர் கல்பனாஸ்வரத்துக்கு வருகிறார். வர்ணத்தை மனப்பாடம் செய்வது மனோதர்மத்துக்கு எதிரி என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் அப்படியே இருந்தது என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. ‘வெஸ்டர்ன் கிளாசிக்கல் என்றால் எழுதியதை எழுதியபடி வாசிப்பது’ என்று நாம் நம்பும் மரபுக்கு வயது அதிகமில்லை.

கார்ல் செர்னியின் பெயரைக் கேட்டாலே பியானோ மாணவர்களின் விரல்கள் வலிக்கும். பீத்தோவனின் மாணவர், லிஸ்ட்டின் ஆசிரியர், முடிவே இல்லாத வேகப் பயிற்சிகளை எழுதியவர். அதே செர்னி 1829இல், பியானோவில் கற்பனையாக வாசிப்பது எப்படி என்று படிப்படியாகக் கற்றுத்தரும் ஒரு முழு நூலையும் வெளியிட்டார். பயிற்சி நூல்கள் இன்றும் எல்லா வகுப்பிலும் இருக்கின்றன. கற்பனை நூலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் மேடையில் ஒரு படைப்பை வாசிக்கும் முன் அதற்கேற்ற முன்னுரை ஒன்றை அந்த நேரத்தில் தோன்றியபடி வாசிப்பார். வாழ்வின் இறுதியில், தன் மகள்கள் கேட்டுக்கொண்டதால், அவற்றில் சிலவற்றை எழுதி வைத்தார். அவர் 1896இல் மறைந்தார். அதற்குள் காலம் மாறிவிட்டது. அச்சிட்ட இசைத் தாள்கள் மலிந்தன. நடுத்தர வர்க்க வீடுகளில் பியானோக்கள் பெருகின. மறைந்த மேதைகளின் படைப்புகளைப் பிசகாமல் வாசிப்பதே மேடைக்கு அழகு என்றானது. தேர்வு வாரியங்களும் வந்தன. மதிப்பெண் போட வசதியானது, தாளில் இருப்பதைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய வாசிப்புதானே.

இனி மூளைக்கு வருவோம். ஜெர்மனியின் ஹனோவரில் மார்க் பாங்கெர்ட், எக்கார்ட் ஆல்டன்ம்யுல்லர் ஆகிய இருவர் 2003இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பியானோவே தொட்டிராத பெரியவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வாரங்களில் பத்து அமர்வுகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். தாள் கிடையாது, ஸ்வரப் பெயர் கிடையாது. காதால் ஒரு சிறு மெட்டைக் கேட்டு, அதைக் கட்டைகளில் தேடி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் 20 நிமிடம் முடிந்ததுமே மூளை மின்பதிவில் மாற்றம் தெரிந்தது. சும்மா உட்கார்ந்து மெட்டைக் கேட்டாலும் கையை இயக்கும் பகுதிகள் விழித்துக்கொண்டன. ஒலி எழுப்பாத கட்டைகளில் விரலை ஓட்டினாலும் கேட்கும் பகுதிகள் விழித்துக்கொண்டன. இன்னொரு குழுவுக்கும் இதே பயிற்சிதான், ஆனால் ஒரு தந்திரத்தோடு. எந்தக் கட்டைக்கு எந்த ஸ்வரம் என்பதை மாற்றி மாற்றிக் கலைத்துவிட்டார்கள். ஒழுங்கான கீபோர்டில் பழகியவர்களிடம் வலப்பக்க முன்மூளையை ஒட்டி உருவான ஒரு செயல்பாடு, கலைத்த கீபோர்டில் பழகியவர்களிடம் உருவாகவில்லை. இன்ன கட்டையைத் தொட்டால் இன்ன ஒலி என்ற வரைபடம் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லையே!

இந்த வரைபடம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நினைத்த ஒலியை விரல் தானாகத் தேடிப் போவதற்கும், வாசிக்கும்போது தவறு நேர்ந்தால் காது எச்சரிப்பதற்கும் அதுதான் காரணம். தாளைப் பார்த்து மட்டுமே வாசிக்கும் குழந்தைக்கும் இது ஓரளவு உருவாகும். ஆனால் கண்ணிலிருந்து விரலுக்குக் கட்டளை நேராகப் போகும்போது காதுக்கு அதிகம் வேலையில்லை. வருடக்கணக்கில் பியானோ படித்து ஐந்தாம் கிரேடு முடித்த பிள்ளைக்கு, தாள் இல்லாமல் ஒரு சினிமாப் பாட்டின் பல்லவியை வாசிக்கத் தெரியவில்லை என்றால், அந்தப் பிள்ளையின் விரலும் காதும் சரியாக அறிமுகமாகவில்லை என்று பொருள்.

தாள் பார்த்து வாசிப்பதேகூட வெறும் கண்வேலை இல்லை என்பதற்கு இசை உளவியலில் ஒரு கதை உண்டு. போரிஸ் கோல்டோவ்ஸ்கி என்ற பியானோ ஆசிரியரின் மாணவி ஒருவர், தாள் பார்த்து வாசிப்பதில் மந்தமானவர், பிராம்ஸின் ஒரு காப்ரிச்சியோவில் அபஸ்வரமாக ஒரு ஸ்வரத்தை வாசித்தார். நிறுத்தித் திருத்தச் சொன்னார் ஆசிரியர். தாளில் அப்படித்தானே இருக்கிறது என்றார் மாணவி. பார்த்தால், அச்சுப்பிழை. தேர்ந்த வாசிப்பாளர்கள் எத்தனையோ பேர் அதைக் கடந்து போயிருந்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை. கோல்டோவ்ஸ்கி பிறகு தேர்ந்தவர்களிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, இதில் ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்று சொல்லியும் பார்த்தார். சரியான ஸ்வரத்தையே வாசித்துவிட்டுப் பிழை எங்கே என்று தேடினார்கள். நன்றாக வாசிப்பவர் அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே வாசிக்கிறார். தானே இசையைக் கட்டிப் பார்த்த குழந்தைக்கு அந்த ஊகம் எளிதில் வரும். ஆஸ்திரேலியாவின் கேரி மக்ஃபர்சன் 1990களில் இளம் மாணவர்களை ஆராய்ந்தபோதும், காதால் கேட்டு வாசிக்கும் திறன் மற்றத் திறன்களுக்கு உரமாவதையே கண்டார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கற்பனை என்றால் கட்டுப்பாடின்மை என்று நினைத்து, பயிற்சியைக் கைவிட்டு ‘குழந்தையின் சுதந்திரம்’ பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஆனா பின்யோவும் ஃப்ரெட்ரிக் உல்லெனும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்கானது. கிளாசிக்கல், ஜாஸ் இரண்டு மரபுகளிலிருந்தும் 39 பியானோ கலைஞர்கள் மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்துக்கொண்டு கற்பனையாக வாசித்தார்கள். கற்பனை வாசிப்பில் அதிக மணிநேரம் செலவிட்டவர்களின் மூளையில், முயன்று யோசித்துக் கட்டுப்படுத்தும் பகுதிகளின் உழைப்பு குறைவாக இருந்தது. அதே சமயம் முன்மூளைக்கும் இயக்கப் பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு வலுவாக இருந்தது. கற்பனையும் பழகப் பழகத் தானியங்கியாகும் ஒரு திறன் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். ஸ்கேலும் கார்டும் விரலில் ஊறிவிட்டால்தான் மனம் அடுத்த வாக்கியத்தைப் பற்றி யோசிக்கும். விரல் தடுமாறினால் கற்பனையும் தடுமாறும்.

கற்பனைப் பயிற்சி கொடுத்தால் குழந்தைகளிடம் மாற்றம் தெரியுமா? ஆறு வயதுக் குழந்தைகளை இரண்டு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு மாதம் கற்பனை வாசிப்பைச் சேர்த்துப் பாடம் நடத்திய ஓர் ஆய்வை தியானோ கூட்சுபிடுவும் டேவிட் ஹார்க்ரீவ்ஸும் 2009இல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவின் இசைச் சிந்தனையில் நெகிழ்வும் புதுமையும் மற்றக் குழுவைவிடக் கூடுதலாக வளர்ந்தன. சிறிய ஆய்வுதான். அதை வைத்து உலகத்தைப் புரட்ட முடியாது. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

பியானோ கற்றால் கணக்கு வரும், ஞாபகசக்தி கூடும் என்ற விளம்பரங்களை மட்டும் நம்பவேண்டாம். மோசார்ட்டைக் கேட்டால் அறிவு கூடும் என்று 1993இல் கிளம்பிய ‘மோசார்ட் விளைவு’, கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சிறு சோதனையை ஊடகங்கள் ஊதிப் பெருக்கியதால் வந்த பேச்சு. ஏறக்குறைய 7,000 பிள்ளைகளை உள்ளடக்கிய 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த சாலா, கோபெ இருவரும், நேர்த்தியாக வடிவமைத்த ஆய்வுகளில் இசைப் பயிற்சியால் பொது அறிவுத்திறன் கூடுவதற்குச் சான்றில்லை என்று 2020இல் எழுதினார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. இசை கற்றால் இசை வரும், அது போதும். அப்படியானால் எந்த மாதிரி இசை வர வேண்டும் என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

20ஆம் நூற்றாண்டில் பயிற்சியையும் கற்பனையையும் மீண்டும் சேர்க்க முயன்றவர்களில் ஹங்கேரியர்களுக்குத் தனி இடம் உண்டு. பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய ‘மிக்ரோகாஸ்மோஸ்’ 153 துண்டுகள் கொண்ட ஏணி. முதல் இரண்டு பகுதிகளைத் தன் மகன் பேட்டருக்கு அர்ப்பணித்தார். கியோர்கி குர்டாக் 1970களில் ஒரு பியானோ ஆசிரியையின் வேண்டுகோளுக்கிணங்க எழுதத் தொடங்கிய ‘யாடேகோக்’, அதாவது விளையாட்டுகள், இன்னும் துணிச்சலானது. வழக்கமான பாடநூலில் குழந்தை நடுக் கட்டைகளில் ஐந்து விரலை வைத்துப் பல மாதம் அங்கேயே இருக்கும். குர்டாக்கின் குழந்தை முதல் நாளே கீபோர்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. உள்ளங்கையால் அழுத்துகிறது, முழங்கையால் ஒரு ஒலிக்கூட்டத்தை எழுப்புகிறது. தாளில் உருண்டையான பெரிய கரும்புள்ளிகள் அதற்கான குறிகள். பார்ப்பதற்குக் கூத்தாகத் தெரியும். கவனித்தால், எடையைத் தோளிலிருந்து கட்டைக்கு இறக்குவது, ஒலி தேய்ந்து மறையும்வரை கேட்பது போன்ற, பெரியவர்களே திணறும் பாடங்கள் அதற்குள் இருக்கின்றன. ஜப்பானில் 1954இல் தொடங்கிய யமாஹா இசைப்பள்ளி வேறொரு வழியில் போனது. அங்கே குழந்தைகள் கூட்டாகக் கேட்டும் பாடியும் தொடங்கி, பிறகு சொந்தமாக இயற்றுகிறார்கள். அவர்கள் இயற்றியதை அவர்களே மேடையில் வாசிக்கும் கச்சேரிகள் 1972 முதல் நடந்துவருகின்றன.

இதற்கெல்லாம் புதுப் பள்ளி தேட வேண்டியதில்லை. கையிலிருக்கும் பாடத்திலேயே செய்யலாம். ஜி மேஜரில் அந்தப் புகழ்பெற்ற மினுவெட்டை வாசிக்காத பியானோ மாணவர் குறைவு. பாக் இயற்றியது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையில் அது கிறிஸ்டியான் பெட்சோல்ட் இயற்றியது. ஜி கட்டையை ஸட்ஜமாக வைத்து, அதன் முதல் எட்டுத் தாள வட்டங்கள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இடக்கை தொடும் ஸ்வரத்தை மட்டும் எடுங்கள்: ஸ, க, ம, க, ரி, ஸ, ப, ப. நேப்பிள்ஸ் பையனின் தாளில் இருந்தது போன்ற ஒரு கீழ்க்குரல் கிடைத்துவிட்டது. குழந்தை மினுவெட்டைப் பிசகில்லாமல் வாசிக்கக் கற்றபின், இடக்கையில் இந்த எட்டு ஸ்வரங்களை மட்டும் வைத்துக்கொண்டு வலக்கைக்கு வேறு மெட்டு கட்டச் சொல்லுங்கள். முதலில் ஒரு தாள வட்டத்துக்கு ஒரே ஸ்வரம் போதும். அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் பெட்சோல்ட் செய்ததுபோல் ஓட்டமும் நிறுத்தமும் கலந்து. இதைச் செய்த குழந்தை மினுவெட்டுக்குத் திரும்பும்போது, இயற்றியவர் இந்த இடத்தில் ஏன் இப்படிப் போனார் என்பது அதற்குப் புரியும். வாசிப்பில் அது கேட்கும்.

இன்னும் சிறிய குழந்தையா? மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ஸட்ஜமாக வையுங்கள். கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட்டால் வருவது மோகனம். பக்கத்தில் பக்கத்தில் உரசும் அரை ஸ்வர இடைவெளி இல்லாததால் எதைத் தொட்டாலும் உறுத்தாது. கார்ல் ஓர்ஃப் குழந்தைகளுக்கான தன் முறையில் இத்தகைய ஐந்து ஸ்வர வரிசைகளைத் தேர்ந்ததும் இதனால்தான். ஆசிரியர் கீழே ஸட்ஜ பஞ்சமத்தைத் தாளத்தோடு பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி வாசிக்கட்டும், குழந்தை பதில் வாசிக்கட்டும். கேள்வி எத்தனை அட்சரமோ பதிலும் அத்தனை அட்சரம். கடைசியில் ஸட்ஜத்துக்கு வந்து சேர வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் இல்லாவிட்டால் அது வெறும் தட்டலாகிவிடும். விரல் வளைவு, மணிக்கட்டின் தளர்வு போன்றவற்றில் கற்பனை நேரத்திலும் சலுகை கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழந்தை கட்டியது நன்றாக அமைந்தால் ஆசிரியர் அதைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தன் மெட்டு ஐந்து கோடுகளில் எழுந்து நிற்பதைப் பார்க்கும் குழந்தைக்கு நொட்டேஷன் படிப்பதில் வரும் ஆர்வத்துக்கு ஈடில்லை.

நேரமில்லை, தேர்வு நெருங்குகிறது என்பது வழக்கமான பதில். சென்னையிலும் கோவையிலும் பிள்ளைகள் எழுதும் டிரினிட்டி தேர்வின் பியானோ பாடத்திட்டத்தில், தொடக்க கிரேடுகளில் துணைத் தேர்வுகளுள் ஒன்றாகக் கற்பனை வாசிப்பைத் தேர்ந்துகொள்ள இடமுண்டு. பட்டியலில் உள்ள ஒரு பாட்டுக்குப் பதிலாக, நிபந்தனைகளுக்குட்பட்டு, மாணவர் தானே இயற்றியதை வாசிக்கவும் வழியுண்டு. அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் முன், உங்கள் பிள்ளையின் பியானோ மாஸ்டரிடம் இந்த இரண்டைப் பற்றியும் கேளுங்கள். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்கித் தரச் சொல்லுங்கள்.